கணபதி பட்டறைக்காரர் தன் செல்லைப் பார்த்த நாள்

என் முதல் வேலை என்றால் ஸ்பிரிட் வாசனைதான் ஞாபகம் வரும். எத்தனை முறை கை கழுவினாலும் மத்தியானம் தயிர்சாதத்தில் கை வைக்கும்போது மெல்ல மேலே வரும்...

கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடம். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். மனிதத் தோலிலிருந்து எடுத்த செல்களைப் பிளாஸ்டிக் குடுவைகளில் வளர்க்க வேண்டும். சர்பத் நிறத்தில் ஒரு திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அது மஞ்சளாக மாறினால் மாற்றிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் ஊட்டிவிட்டு வருவேன்.

ஆராய்ச்சி மூப்பைப் பற்றியது. இளவயதுக்காரர் செல் எத்தனை முறை இரண்டாகப் பிரிகிறது, வயதானவர் செல் எத்தனை முறை பிரிகிறது, எப்போது நின்றுபோகிறது... பார்த்துக் குறித்துவைப்பது என் வேலை.

தோல் கொடுக்க முன்வந்தவர்களில் ஒருவர் ரங்கசாமி. எழுபதைத் தாண்டியவர். ஊரின் கணபதிப் பகுதியில் சொந்தமாக, இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒப்புதல் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தார். மேல்கையின் உட்புறத்தில் மிளகளவு தோலை எடுத்துக் கட்டுப் போட்டதும் எல்லாரும் 'எப்போது ஆறும்' என்றுதான் கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

"ஏனுங்க அம்மணி, அது வளந்ததுக்கப்பறம் நான் வந்து ஒருக்கா பாக்கலாமுங்களா?"

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆராய்ச்சியை நடத்திய எங்கள் மேடத்தைப் பார்த்தேன்.

"அவரோட செல்தானே. வரட்டும்," என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு இன்குபேட்டரைத் திறந்தால்... அவருடைய குடுவைகளில் மட்டும் பஞ்சுபோலப் பூஞ்சை. நான்தான் காரணம். முந்தைய வாரம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் குடுவைகளின் மூடியைத் திறந்துபோட்டு வேலை செய்திருந்தேன். எல்லாவற்றிலும் ப்ளீச் ஊற்றிக் கொட்டினேன். ஒருவர் நம்பிக் கொடுத்த உடம்பு அல்லவா அது.

மேடம் திட்டவில்லை. "உறைய வெச்சது ஒண்ணு இருக்கு. எடுத்துப் பாரு. ஆனா அவருக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லிரு."

சொன்னேன். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"நானே எத்தன பீஸக் கெடுத்துப்போட்டிருக்கறேன் கண்ணு. வேணும்னா இன்னொரு கையில எடுத்துக்குங்க."

தேவைப்படவில்லை. திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து, வெண்புகை வழிய, சுண்டுவிரல் அளவு குப்பியை எடுத்தேன். பனிக்கட்டியைவிட எவ்வளவோ மடங்கு குளிரில் அசைவின்றிக் கிடந்த செல்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம். பிறகு குடுவையில். மறுநாள் காலை போனபோது கால் பரப்பிக்கொண்டு அடியில் ஒட்டியிருந்தன. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சனிக்கிழமையைத் தள்ளிவைத்திருந்தோம்; நான்காம் நாள் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, திருநீறு. கோயிலுக்கு வருவதுபோல வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார்.

"அம்மணி... இதுல ஒண்ணு மட்டும் உருண்டையா மினுங்குதுங்க."

பார்த்தேன். "அது பிரியப் போகுதுங்கய்யா. கொஞ்சம் இருந்து பாருங்க."

காத்திருந்தோம். அவர் ஒருமுறை, நான் ஒருமுறை என்று மாறி மாறிப் பார்த்தோம். கால் மணி நேரம் இருக்கும். அந்த உருண்டை நடுவில் சிறுத்தது. இடுப்பு விழுந்தது. அவர் கண்முன்னே இரண்டானது.

அவர் நிமிரவே இல்லை. "என்ற ஒடம்புங்களா இது... இந்த வயசுலயுங்களா..."

பிறகு மெதுவாகக் கேட்டார். "இப்படியே பிரிஞ்சுட்டே இருக்குமுங்களா?"

"இல்லீங்கய்யா. ஒரு அளவுக்கு மேல நின்னுரும். உடனே சாகாது, அப்படியே இருக்கும். அந்த மாதிரி நின்னது சேரச் சேர அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். மூப்பு வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமுங்க."

"நிக்காமப் போனா?"

"...கேன்சர் ஆகலாமுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கூட்டுக்காரி அதுலதான் போனாளுங்க. நிக்காம வளந்துபோட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு." கையில் தோல் எடுத்த இடத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப, எனக்கு வயசானதே... இதுக நின்னு, அது வராம என்னையக் காப்பாத்துனதுனாலதானுங்களா?"

புத்தகத்தில் படித்த விஷயம்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்குச் சிலிர்த்தது அன்றைக்குத்தான். "ஒரு பங்கு அப்படித்தானுங்கய்யா," என்றேன்.

சில மாதங்களில் அவருடைய செல்கள் நின்றன. போன் செய்து சொன்னேன். அதையும் வந்து பார்த்தார். பெரிதாகி, தட்டையாகி, ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தன. வருத்தப்படுவார் என்று பயந்தேன்.

"இது போதுமுங்க. அதது வேலைய முடிச்சுப்போட்டுது," என்றார். வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்து நடந்து போனதாகத்தான் எனக்கு நினைவு.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நான் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். செல் பிரிவதைக் கேமரா தானே படம் பிடிக்கிறது. எண்ணிச் சொல்ல மென்பொருள் இருக்கிறது. நின்றுபோன செல்களை மட்டும் தேடி அழிக்கும் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நாங்கள் அன்று ஊகித்ததைவிட எவ்வளவோ அதிகம் தெரிந்துவிட்டது. வகுப்பில் ஐம்பது பேர் ஒரே திரையில் பத்து விநாடி வீடியோவாகப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகிறோம்.

குறை சொல்லவில்லை... வசதிதான். ஆனால் ஒரு உயிர் இரண்டாகப் பிரிவதைப் பார்க்க, இன்னொருவரோடு பேச்சில்லாமல் கால் மணி நேரம் காத்திருந்த நாள் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

ஐம்பதை நெருங்குகிறேன். மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போது எனக்குள்ளே எந்தச் செல் பிரிகிறது, எது நின்றுவிட்டது என்று யோசிப்பேன். என்னைக் கேட்காமல், எனக்காக, ஒவ்வொன்றும் ஒரு முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவற்றின் மேல் கொஞ்சம் மரியாதையோடுதான் மேலே ஏறுகிறேன்.