பிரமிளா நீக்க மறுத்த லயம்

பிரமிளா இறந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ராகலையிலிருந்து அவருடைய தங்கை அனுப்பிய இரண்டு வரியை யாரோ அங்கே போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவிலேயே எங்கள் முகாமையாளர், பிரமிளாவின் மடிக்கணினி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருந்தார். மாலைக்குள் பிரமிளாவின் எண்ணைக் குழுவிலிருந்து எடுத்தும் விட்டார்கள். இரத்தப் புற்றுநோயோடு அவர் படுத்துக் கிடந்த மாதங்களில் அந்தக் குழுவில் ஒருவரும் அவரைப் பற்றி விசாரித்ததில்லை.

ஹட்டன் கடைத்தெருவில் மாடியில் இருக்கும் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் அவருக்குப் பக்கத்து மேசை. அவரோடு வேலை செய்த எவருக்கும் அந்த முகச்சுளிப்பு நினைவிருக்கும். அசட்டையாக எழுதிய நிரலைக் கண்டால், சோற்றில் முடியைக் கண்டவர் போல மூக்கைச் சுருக்குவார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், பட்டியலை முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே போய், வெற்று இடங்களை அப்போதே நீக்கும்படி எழுதியிருந்தார். ஓட்டிப் பார்த்தால் பாதி வெற்றிடங்கள் அப்படியே இருந்தன.

“காலையில தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்க, பெரட்டுக்கு ஆளுங்க வரிசையா நிக்கிறாங்கன்னு வைங்க,” என்றார் பிரமிளா. “ஒருத்தர வெளிய எடுத்தா பின்னால நிக்கிறவரு அந்த எடத்துக்கு வந்துருவாரு. நீங்க அடுத்த எடத்துக்குப் போயிருவீங்க. அவர யாரு பாக்குறது?”

மூலப் பட்டியலைத் தொடாதே, வேண்டியதைப் புதிய பட்டியலில் சேர், நீக்கியதையும் தனியே வைத்து ஒருமுறை கண்ணால் பார் என்பதே அவர் வழி.

மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டித்தர ஓர் அமைப்பு முன்வந்தபோது, விவரங்களைச் சீர்செய்யும் வேலை எங்களிடம் வந்தது. தேயிலைத் தோட்டத்துக்குள் பிரிவுகள், பிரிவுக்குள் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள், லயத்துக்குள் வீடுகள், வீட்டுக்குள் ஆட்கள் என்று பட்டியலுக்குள் பட்டியலாக அது இருந்தது. ஆளில்லாத வீடுகளை நீக்க வேண்டும். எல்லா வீடுகளும் போய்விட்ட லயத்தையும் நீக்க வேண்டும். தோட்டப் பதிவு எண் இல்லாத வீடெல்லாம் ஆளில்லாத வீடுதான் என்று முகாமையாளர் முடிவு செய்தார். அதன்படி நிரல் ஓடியது. பட்டியல் அழகாகச் சுருங்கியது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

பிரமிளா வழக்கம்போல நீக்கியவற்றைத் திறந்து பார்த்தார். ஒரு லயம் முழுவதுமாக அதில் கிடந்தது. ஓய்வு பெற்றவர்கள், கொழும்பில் கடைகளில் வேலை செய்பவர்களின் மனைவிமார், பள்ளிப் பிள்ளைகள். யாருக்கும் இப்போது தோட்டத்தின் தொழிலாளர் பதிவில் பேர் இல்லை. ஆனால் ஒரு வீட்டின் விவரத்தில் தொலைபேசி எண் இருந்தது. அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

அந்த வீட்டில் இப்போது யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

“இருக்கோம்மா,” என்றது ஒரு பெண்குரல். “பின்சுவரு வெடிச்சிருக்கு. மழை பேஞ்சா புள்ளைங்கள முன்பக்கம் படுக்க வைக்கிறோம். வேற எங்க போறது?”

பிரமிளா முகாமையாளரிடம் போனார். நானும் உடன் போனேன். முகாமையாளர் திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நம்பர் இல்லாததெல்லாம் குப்பை, தூக்கிவிட்டு அனுப்பும்படி சொன்னார். இத்தனைக்கும் அவரும் லயத்தில் பிறந்தவர்தான்.

“நீங்க சொன்ன குப்பை இப்பத்தான் எங்கிட்ட போன்ல பேசிச்சுங்க சார்,” என்றார் பிரமிளா. “நான் தூக்க மாட்டேன்.”

அன்றே அந்த அமைப்புக்கு நேரடியாக எழுதினார். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். லயம் பட்டியலுக்குத் திரும்பியது. வீடுகளும் எழும்பின. சாவி கொடுக்கும் விழாவில் மாலை போட்டுக்கொண்டு, விடுபட்டவர்களைக் கண்டுபிடித்த கதையை மேடையில் சொன்னவர் எங்கள் முகாமையாளர். அதற்கு முன்பே பிரமிளாவைக் கடைகளுக்கான ரசீது மென்பொருளுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் வாதாடவில்லை. முகாமையாளர் வந்து தட்டிவிட்டுப் போன தன் விசைப்பலகையை ஈரத் துணியால் துடைத்தார், அவ்வளவுதான்.

ராகலையில் சாவு வீட்டுக்கும் அந்த மனிதர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். பிரமிளா எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று தொடங்கி, நிறுவனத்தின் மனிதாபிமானத்துக்குப் போய்விட்டார். பிரமிளாவின் தங்கை எழுந்து, “போதுங்க சார், உக்காருங்க,” என்றாள். சத்தம் போடவில்லை. அவர் உட்கார்ந்தார்.

பொறுமை, புன்னகை என்றெல்லாம் சிலர் இப்போது அவரைப் பற்றி எழுதுகிறார்கள். அவரிடம் பொறுமை இருந்ததில்லை. மனிதரை வெற்றிடம் என்று எழுதும் கையைக் கண்டால் அவருக்கு அருவருக்கும். அந்த அருவருப்பைத்தான் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் இன்னொரு பட்டியல் வந்தது. வேண்டாததை நீக்கு என்று அதே உத்தரவு. வேண்டாதது யாருக்கு என்று முகாமையாளரிடம் கேட்டேன். ஒரு வரியையும் நான் நீக்கவில்லை. பட்டியல் முழுசாக அப்படியே இருக்கிறது.