வராந்தாவுக்கு அறுத்த சட்டங்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கே நடந்தது. நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில், என் வீட்டு மாடியறையில்.

என் கணவருக்கு நான் இரண்டாம் மனைவி. மூத்தவள் இறந்து இரண்டு வருடம். மகளுக்காக அவள் செய்த பொம்மை வீடு மாடியறை மேசையில் இருந்தது. வராந்தா மட்டும் பாக்கி; அதில் தூண்கள்தான் நின்றன. அதன் குட்டி ஜன்னல்களைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். செத்தவளோடு என்ன போட்டி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் எரிந்தது.

"வராந்தாவை முடிச்சுட்டீங்கன்னா உங்களை அம்மான்னு கூப்பிடுறேன், சித்தி" என்றாள் ஆறு வயதுக் குட்டி.

அன்றே உட்கார்ந்தேன். மெல்லிய மரச்சட்டங்களை, தூண்களுக்கு நடுவே கச்சிதமாக நிற்கும்படி அளந்து அறுத்தேன். வெள்ளை பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தேன். காய்ந்த பிறகு வைத்துப் பார்த்தால்... ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பெயிண்டின் கனத்துக்கு இடம் விட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "அளந்து அறுத்தியா, கோபத்துல அறுத்தியா?"

"அவங்க எப்படி அறுப்பாங்களாம்?"

"அவ..." என்றவர், பேச்சை விழுங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அந்த மௌனத்தில் இருந்த பிரியம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

மறுநாள் மதியம். அவர் வேலைக்குப் போயிருந்தார். குட்டி கீழே என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாடியில் சத்தம்.

சர்... சர்... சர்...

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்.

பிறகு, தூளை வாயால் ஊதும் சத்தம். ஃபூ...

குட்டியைப் பாயில் கிடத்திவிட்டு ஏறினேன். அறையில் யாருமில்லை. சட்டங்களின் முனைகள் எல்லாம் தேய்க்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்து வைத்தேன். பொருந்தியது. அடுத்தது... அதுவும்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. இதிலும் அவளா?

ஃபூ...

என் பிடரியில்.

மரத்தூள் தோளில் விழுந்தது.

திரும்பவில்லை.

யாரிடமும் மூச்சு விடாமல் சட்டங்களை ஒட்டி முடித்தேன். சாயங்காலம் குட்டி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அம்மா!"

ஒரு வாரம் அந்தச் சொல்லிலேயே மிதந்தேன். பிறகு, அவளுக்குத் தலை வாரிவிடும்போது கேட்டேன்.

"வராந்தா அவ்வளவு பிடிச்சுதா?"

"அதுக்காகக் கூப்பிடலையே."

"பின்ன?"

"அந்த அம்மாதான் கூப்பிடச் சொன்னாங்க."

சீப்பு நின்றது. "என்ன சொன்னாங்க?"

குட்டி பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"'பாவம், ஆசைப்படுறா, கூப்பிடு. இன்னும் கொஞ்ச நாள்தானே இருப்பா'ன்னாங்க."