றொகானுக்கு வழி சொன்னவள்

கவிழ்ந்த காரிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த றொகான், முதல் வேலையாக உடைந்துபோன பக்கக் கண்ணாடியில் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்தான். அன்றைக்கே டயனாவுக்கு அவனைப் பற்றி எல்லாம் விளங்கிவிட்டது.

அது தேசிய றலி கார்ப் பந்தயப் பருவத்தின் முதல் சுற்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதை. அவள் "இடது, இறுக்கம்" என்று கத்தியபோது, அவன் வளைவில் நின்ற கூட்டத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

டயனா குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வான் ஓடுகிறவள். இறால் பண்ணை பஸ்தியான் முதலாளியின் மகன் றொகான் பந்தயத்தில் இறங்கியபோது, பக்கத்துச் சீற்றில் இருந்து வளைவுக் குறிப்புகளை வாசித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. பெண் ஒருத்தி இருந்தால் பேப்பரில் படம் வரும் என்று யாரோ அவன் காதில் ஓதியிருந்தார்கள். அது தெரிந்தும் டயனா போனாள். வேகம் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம்.

அநுராதபுரப் பக்கத்தில் நடந்த சுற்றில், முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி நிற்க, றொகான் மூன்றாவதாக வந்தான். கோப்பையைக் கட்டிக்கொண்டு அழுதான். முதலாளி கற்பிட்டிச் சந்தியில் பெரிய பதாகை கட்டினார். அதிலிருந்த படத்தில் டயனாவின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

கடைசிச் சுற்று சொந்தக் கரையில், புத்தளம் உப்பளங்களை ஒட்டிய பாதையில் நடந்தது.

"கூர் வலது. பிறேக்!"

"எங்கட ஊர் ரோடு அக்கா. எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. கார் நேராகப் போய் உப்புப் பாத்திக்குள் இறங்கியது. சில்லுகள் சேற்றில் புதைந்தன. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு தொலைக்காட்சிக்காரர்களும் ஓடி வந்தார்கள்.

"நெவிகேட்டர் பிழையாச் சொல்லிட்டாங்க" என்றான் றொகான், மைக்கைப் பார்த்து.

மைக் அவள் பக்கம் திரும்பியது. முழங்கால் வரை சேறோடு நின்ற டயனா ஹெல்மட்டைக் கழற்றினாள்.

"தம்பிக்கு இடது வலது தெரியாது. பழக்குறது அம்மா அப்பாட வேலை."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் ஹெல்மட்டை அவன் கையில் திணித்துவிட்டு, உப்பு ஏற்ற வந்த டிரக்டரில் ஏறிப் போய்விட்டாள்.

பருவம் முடிந்த பிறகு பஸ்தியான் அவள் வீட்டுக்கே வந்தார்.

"அவன் சின்னப் பொடியன், டயனா. அடுத்த முறையும் நீ பக்கத்தில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"சின்னப் பொடியனா? தாடி வைச்சிருக்கான், முதலாளி. என்ட வான்ல வாற நேர்சரிப் புள்ளைகள் இவனைவிடச் சொல் கேக்குதுகள். தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவர் பாதியிலேயே எழுந்து போனார்.

அடுத்த பருவத்தில் அவள் மதுரங்குளியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் றிம்ஸானின் காரில் வழி சொல்லப் போனாள். அவனும் அவளுக்குப் பெரிய ஆள் இல்லை. முட்டை ஏற்றிய லொறி அவனை முந்திவிடும் என்பாள். ஆனால் சொன்ன இடத்தில் திருப்பினான். ஆறாவதாக வந்தார்கள்.

றொகான் காரை விற்றுவிட்டான். இப்போது கற்பிட்டிக் களப்பில், வெள்ளைக்காரர்களைப் போலப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீர்மேல் பலகையில் சறுக்கப் பழகுகிறானாம். போன கிழமை காற்று அவனை எத்தாளைப் பக்கம் இழுத்துப் போக, மீன்பிடிப் படகொன்று தூக்கி வந்ததாம்.

"காற்றும் பிழையாச் சொல்லியிருக்கும்" என்றாள் டயனா. பள்ளிக்கூட வானுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை.