சாகாதவளுக்குப் பூசிய எண்ணெய்

கடுமையான நோயுள்ள எவரும் சாமியார் கையால் எண்ணெய் பூசுதலைப் பெறலாம். சாகக் கிடக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் திருச்சபை திருத்திய விதி இது. சாகும் தறுவாயைக் குறிக்கும் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்ற பழைய பெயரைக்கூட ‘நோயில்பூசுதல்’ என்று மாற்றியிருந்தார்கள். துறைமுக அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை; கோயில் சுற்றறிக்கையை மட்டும் விட்டுவிடுவேனா?

அக்காவுக்குப் பன்னிரண்டு வருடமாக இழுப்பு. “மருந்து மூச்சுக்குலே. பயத்துக்கு எவன் மருந்து தாரான்?” என்பாள். எண்ணெய் பூசினால் பயம் போகும் என்று நம்பினாள். பங்குச் சாமியாரிடம் விதியைச் சொல்லிக் கேட்டேன். “அது கடைசி நேரத்துக்குள்ளது” என்று அனுப்பிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அக்கா படுத்துக்கொண்டாள். இழுப்பு உண்மைதான், அன்று கொஞ்சம் கூட்டி இழுத்தாள். அவஸ்தை என்று ஆள் அனுப்பியதும் சாமியார் எண்ணெயோடு ஓடிவந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது. எதிர்வீட்டுக்காரி ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமினாள். நெற்றியிலும் கைகளிலும் பூசி முடிந்ததும் எல்லோரையும்விட உரக்க “ஆமென்” சொன்னவள் அக்கா.

“ஏலே, சாமிக்குக் காப்பி போடச் சொல்லு.”

“என்னம்மா, அவஸ்தைன்னுல்லா கூப்பிட்டாவ?”

“அவஸ்தை பன்னெண்டு வருசமா இருக்கு சாமி.”

இழுப்பு குறையவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அக்கா நன்றாகத் தூங்கினாள். ஒப்பாரி வீணாய்ப்போன எதிர்வீட்டுக்காரிக்குத்தான் அது பொறுக்கவில்லை.

“ஏளா, பொய் சொல்லி வாங்கின எண்ணெய் செல்லுமா?”

போன பயம் இரட்டிப்பாகத் திரும்பிவந்தது. அக்கா பதறிப்போய்ச் சாமியாரிடம் கேட்டாள். “ஆயரைக் கேளுங்க” என்றார் அவர். அன்றைய காப்பியை அவர் மறக்கவில்லை.

ஆயர் இல்லத்துக்கு எழுதினேன். பொருள்: நோயில்பூசுதல், செல்லுபடியாகுமா என்பது குறித்து. பிறகு நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. அக்கா தினமும் தபால்காரரை வாசலில் மறித்தாள். “அண்ணாச்சி, என் ஆத்துமா வந்திருக்கா?” அவர் அந்தத் தெருவுக்குள் சைக்கிளை வேகமாக மிதிக்கப் பழகிக்கொண்டார்.

கடைசியில் நான்கு வரிப் பதில் வந்தது. சகோதரியார் நோயின் தன்மையால் விதிப்படி தகுதியுள்ளவர், பூசுதல் செல்லும், நோய் முற்றினால் மீண்டும் பெறலாம், நடிக்கத் தேவையில்லை. அக்கா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு உறையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, பகலென்றும் பாராமல் குறட்டைவிட்டுத் தூங்கிப்போனாள். அன்று நவம்பர் இரண்டு, செத்தவர்களுக்கு மன்றாடும் கல்லறைத் திருநாள்.