திரும்பி வருவதற்கு ஒரு மோட்டார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சாலைக் கடைத்தெருவில் எங்கள் கடையைத் திறந்து தபால் பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வலியதுறைத் தாசன் வந்து வாசலில் நின்றான். முப்பது வயதைத் தாண்டியவன், மழிக்காத முகத்தோடு இருந்தான்.

"அம்மை போயிட்டா சாமி. முந்தாநாளு அடக்கம் கழிஞ்சு. அந்த வாஷர் வந்துதா?"

மூன்றையும் ஒரே குரலில் சொன்னான். நான் முதலில் பதில் சொன்னது மூன்றாவதற்குத்தான். "இன்னும் வரல்லை" என்றேன். அதற்குப் பிறகுதான் முதல் வார்த்தை எனக்குள் இறங்கியது.

தாசனின் அம்மை பிரகாசியம்மையை அறிந்தவர்கள் பலர். கடற்கரையில் அவர் ஒரு மீன்பிடி வள்ளத்துக்கு உடைமைக்காரி. மூன்று மகன்களுக்குத் தாய். சாலைக் கடைத்தெருவில் அவர் மீன்காரி. எங்கள் கடையில் அவர் பெயரைக் கேட்டாலே முதலாளிக்குத் தலைவலி வரும். நான் அந்தக் கடையில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதும் குமாஸ்தா. வலியசாலையில் குடியிருப்பவன், மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவன். அவருக்கும் எனக்கும் ஏழெட்டு வருஷப் பழக்கம். அதில் பாதிக்கு மேல் சண்டை. அவரை அறிந்த எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். அழகாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் முதலில் வருகிறது.

முதல் நாள் அவர் கடைக்கு வந்தபோது மீன் கூடையை ஓடை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் படியில் நின்றார். தையல் மிஷினும் தண்ணீர் இறைக்கும் இஞ்சினும் விற்கும் கடை அது.

"வள்ளத்துக்குப் பின்னால கெட்டுற மோட்டாரு உண்டா?" என்று கேட்டார்.

முதலாளி சிரித்தார். பிரகாசியம்மை சிரிக்கவில்லை. வேளிக் காயலில் ஒரு எஸ்டேட் துரை அப்படி ஒன்றைப் படகில் மாட்டிக்கொண்டு உல்லாசமாகப் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். துரை பாட்டுப் பாடிக்கொண்டு போனாராம். துடுப்பு போடுகிறவன் பாடிப் பிரகாசியம்மை கேட்டதில்லை.

அவருடைய கணவர் கடலில் மூழ்கிச் சாகவில்லை. காற்று விழுந்துபோன ஒரு நாள், நிறைந்த வலையோடு வெகு தூரத்திலிருந்து துடுப்பு போட்டே கரைசேர்ந்தார். வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டு, அதன் நிழலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. "எனக்க மாப்பிளைய கடலு கொண்டு போகல்ல சாமி, துடுப்புதான் கொண்டுபோச்சு. இப்ப அதே துடுப்புல மூணு பிள்ளைகள இருத்தியிருக்கேன்" என்றார். கொளச்சல் பக்கத்தில் பிறந்து வலியதுறைக்கு வாழ்க்கைப்பட்டவர். பேச்சில் மலையாளம் பாதி கலந்திருக்கும். அந்த வாக்கியத்தை மட்டும் சுத்தத் தமிழில் சொன்னது போல எனக்குக் கேட்டது.

முதலாளி என்னிடம் காட்லாக்கைத் தள்ளினார். நான் படித்துப் பொருள் சொன்னேன்.

"சுலபமாக ஸ்டார்ட் ஆகும்."

"ஆருக்குச் சுலபம்? நனைஞ்ச கைக்கா, ஒணங்கின கைக்கா?"

"அது போடல்லை."

"கரையில ஏத்தும்போ அடியில இருக்க விசிறி மணல்ல இடிக்காதா?"

"அதுவும் போடல்லை."

"பின்ன எதத்தான் போட்டிருக்கான்?"

படம் போட்டிருந்தான். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று தொப்பி அணிந்து ஏரியில் போகும் படம். அந்தக் கேள்விகளை எழுதிப் பம்பாய் ஏஜெண்டுக்கு அனுப்பினேன். பதிலுக்கு இன்னொரு காட்லாக் வந்தது. மறுபடி எழுதினேன். இன்னும் பெரிய காட்லாக் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை அவர் படியில் வந்து நிற்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. கேட்டது முழுவதும் நியாயம் என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

அப்படியிருக்க, காயலில் பாட்டுப் பாடிய அதே துரை சீமைக்குத் திரும்பினார். அவருடைய மோட்டார் எங்கள் கடைக்கு விற்பனைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், பளபளவென்று இருந்தது. முதலாளி என் காதில், "ஐயரே, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லும், சாமானம் போகட்டும்" என்றார்.

பிரகாசியம்மை என்னைத்தான் பார்த்தார். "காயல்ல ஓடினது கடல்ல ஓடுமா சாமி?"

"ஓடும். நல்ல மோட்டார்தான்" என்றேன்.

எனக்கு அது தெரியாது. கடலையே நான் சங்குமுகம் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சொன்னேன். முதலாளி சொல்லச் சொன்னார் என்று பழியை அவர் பக்கம் தள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். வாய் என்னுடையது.

வள்ளத்தின் இரண்டு முனையும் கூர்மை; பின்னால் மோட்டாரை மாட்ட இடமே கிடையாது. ஆசாரியைப் பிடித்து, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு மரச்சட்டம் அடித்து மாட்டினார்கள். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம், மோட்டார்தான் இருக்கிறதே என்று நான்கு துடுப்பில் இரண்டைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நடுக்கடலில் தண்ணீர் உறிஞ்சும் குழாயில் மணலும் உப்பும் அடைத்து, மோட்டார் சூடேறி இறுகிவிட்டது. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. மறுநாள் மத்தியானம் பூவாற்றுக்கும் தெற்கே கரை ஒதுங்கினார்கள். மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள். இளையவனுக்குக் கை தோலுரிந்து எலும்பு தெரிந்தது.

அதற்கடுத்த நாள் பிரகாசியம்மை கடைக்கு வந்தார். தாசன் அந்த மோட்டாரைச் சுமந்து வந்து மேஜைமேல் வைத்தான். அன்று அவர் படியில் நிற்கவில்லை, உள்ளே வந்தார்.

"இது நல்லதுன்னு சொன்னது ஆரு?"

முதலாளி தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்" என்றேன்.

"சாமி கடல்ல போயிட்டுண்டா?"

"இல்லை."

"பின்ன எப்படிச் சொன்னீரு?"

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடியக்காலத்த போறதுக்குக் காத்து உண்டு, பாய் உண்டு. போறதுக்கு எனக்கு மோட்டாரு வேண்டாம் சாமி. திரும்பி வாறதுக்குத்தான் கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு, அடுத்த மோட்டாரை நான் கடலில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்ல வேண்டும் என்றார். தலையாட்டினேன்.

அடுத்த மோட்டார் வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. பரீட்சை பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஏஜெண்டிடம் எழுதி எழுதி ஒரு மோட்டாரை வரவழைத்தேன். ஒரே சிலிண்டர், கனம் அதிகம், வேகம் குறைவு. வீட்டில் செய்தியைச் சொன்னபோது என் மனைவி, "ஏன்னா, நீஞ்சத் தெரியுமோ உங்களுக்கு? என்னத்துக்கு இந்த வேண்டாத்த வேலை?" என்றாள். நீஞ்சத் தெரியாது. போனேன்.

அலையைத் தாண்டுவதற்குள் வயிற்றில் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஏழாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு அலை அதன் தலையில் அடித்தது, நின்றது. கரை ஒரு கோடு போலத் தெரிந்தது. அந்த மௌனத்தில்தான் நான் சொன்ன பொய்யின் அளவு எனக்குத் தெரிந்தது. தாசன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். துடைக்க உலர்ந்த துணி தேடினான். வள்ளத்தில் எல்லாமே நனைந்திருந்தது. என் அங்கவஸ்திரத்தின் ஒரு முனை மட்டும் காய்ந்திருந்தது. அதைக் கிழித்துக் கொடுத்தேன். நான்காவது இழுப்பில் மறுபடி பிடித்தது. கரை ஏறும்போது மணலில் தட்டி விசிறியின் ஆணி முறிந்தது. தாசன் மணலிலேயே உட்கார்ந்து வேறு ஆணி போட்டான்.

பிரகாசியம்மை கரையில் நின்றிருந்தார். "சொல்லும் சாமி, நல்லதா?"

"நல்லதான்னு எனக்குத் தெரியாது. நின்னு போறது. நின்னா மறுபடி கெளப்ப முடியறது. அவ்வளவுதான் கண்டேன்."

"அது மதி" என்றார். போதும் என்று அர்த்தம். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்படியும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்து, தரையில் சாக்கை விரித்து, தாசனை அதைக் கழற்றச் சொன்னார். இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி. வேறு எதையும் தொடக்கூடாது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "புத்தம் புதுச் சாமானம்! ஐயரே, பிடிச்சு நிறுத்தும்!" என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. தாசன் கழற்றினான்; திரும்பப் பூட்டினான்; ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. "கெடாத்த மோட்டாரு ஒருத்தனும் செய்ய மாட்டான். கெட்டா எனக்க பிள்ளை கடல்ல வச்சே சரியாக்கணும். அதுதான் நல்ல மோட்டாரு" என்றார் பிரகாசியம்மை. பம்பாயிலிருந்து வந்த எந்தக் காட்லாக்கிலும் இந்த ஒரு வரி இல்லை.

அந்த மோட்டார் நன்றாக ஓடியது. காற்றில்லாத நாட்களில் மற்ற வள்ளங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தவித்துக்கொண்டிருக்க, அவர் வள்ளம் மத்தியானத்துக்கு முன் கரையிலிருக்கும். சத்தத்தில் மீன் ஓடிவிடும் என்று சண்டைக்கு வந்த கரைக்காரர்களே, தங்கள் வள்ளத்தையும் கயிறு கட்டி இழுத்துவரச் சொல்லிக் கெஞ்சினார்கள். கடையில் என்னைக் கண்டால் பிரகாசியம்மை, "சாமி, இன்னைக்கும் வந்நு" என்பார். மகன்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதுதான் அந்தச் சேதி.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. கூப்பன் ஆபீஸுக்கு நான் மனு எழுதினேன். பஸ்ஸுக்கு உண்டு, காருக்கு உண்டு, வள்ளத்துக்கு இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்டால், மனு ஃபாரத்தில் வண்டி நம்பர் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. வள்ளத்துக்கு நம்பர் கிடையாது. "நம்பர் இல்லேன்னா நீங்களே ஒண்ணு போட்டுத்தாங்க" என்றார் பிரகாசியம்மை. ஆபீஸ் முழுவதும் சிரித்தது. பதினொரு மனு எழுதினேன். அங்கே போ, இங்கே போ, மேலதிகாரி வெளியூர் காம்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வா. பதினொன்றுக்கும் பதில் இல்லை.

கடைசியில் இருந்த கொஞ்சம் பெட்ரோலில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். வேண்டாம் என்று நானும் சொன்னேன், தாசனும் சொன்னான். காற்றில்லாத பங்குனி மாதம். வேறு என்ன செய்வார்கள்? சூடு தாங்காமல் சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கும் வாஷர் கருகியது. உள்ளங்கை அளவுத் தகடு. வேறொன்று கேட்டு எட்டு மாதத்துக்கு முன் ஏஜெண்டுக்கு எழுதிப் போட்டேன். கப்பல் இல்லை என்று பதில் வந்தது. பிள்ளைகள் மறுபடி துடுப்பில் உட்கார்ந்தார்கள். பிரகாசியம்மை மோட்டாரைத் தார்ப்பாயில் சுற்றித் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். துருப்பிடித்து இறுகக்கூடாது என்று வாரத்துக்கு ஒரு தடவை அதன் சக்கரத்தைக் கையால் சுற்றுவாராம். காய்ச்சலில் படுத்த பிறகு மருமகளைச் சுற்றச் சொன்னாராம்.

ஏழாம் நாள் பூசைக்குப் போனேன். கோயில் வாசலுக்கு வெளியே நின்று கேட்டேன். பாதிரியார் நல்ல மனிதர். பிரகாசியம்மையைப் பொறுமையின் வடிவம் என்று சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. அவர் எந்த நாளும் பொறுமையாக இருந்ததில்லை. விதவையானதைப் பொறுத்துக்கொள்ளவில்லை, துடுப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை, என் பொய்யையும் பொறுத்துக்கொள்ளவில்லை. பொறுத்திருந்தால் அந்தக் கரையில் ஒரு மோட்டார்கூட வந்திருக்காது. அவரைப் பொறுமைசாலி என்று சொல்லிப் புதைப்பது, அவரை இரண்டாம் தடவை புதைப்பது.

நான் பிறவியில் பொறுமைசாலி. வா என்றால் வருவேன், நாளை வா என்றால் நாளை வருவேன். அவரிடமிருந்து எனக்கென்று எதையாவது வைத்துக்கொள்ள முடியுமானால், அந்தப் பொறுமையின்மையைத்தான் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். அது என் உடம்புக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை.

வாஷர் வரும் நாளில் பெட்ரோல் கையில் இருக்க வேண்டும். நேற்று பன்னிரண்டாவது மனுவை, தாசன் பெயரில் எழுதி, கூப்பன் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டுப் பழைய கட்டை எடுத்துப் பார்த்தார்.

"இந்த ஆள் மரிச்சாச்சே சாமி. ஃபைல் க்ளோஸ் செய்தாச்சு."

"ஆள்தான் போயாச்சு. வள்ளம் இன்னிக்கும் கடல்ல கெடக்கு. மூணு பேர் அதுல இருக்கா."

"திங்கக்கிழம வரணும். நோக்கலாம்."

வழக்கமாக நான் அங்கே கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. சுவர் ஓரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து, அவர் மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"இல்லை. இன்னிக்கு" என்றேன்.