சிகாகோவிலிருந்து கிளம்பிய அண்ணன்

அப்பா இறந்த மதியம் சிகாகோவுக்கு நான்தான் போன் செய்தேன். அண்ணன் கதறினான்.

"நான் வராம எடுத்துடாதீங்க. நான்தான் கொள்ளி வைக்கணும்."

பிராங்க்பர்ட் வரை ஒன்பது மணி நேரம், அங்கிருந்து பம்பாய்க்கு எட்டு, பிறகு பெங்களூருக்கு ஒன்றரை. காத்திருப்பதையும் சேர்த்து, நாளை மறுநாள் காலை இறங்கிவிடுவதாகச் சொன்னான். பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவன் பேசும்போதெல்லாம் அப்பா ஆசையாகக் கேட்டுக்கொள்ளும் கணக்கு அது.

பெங்களூரிலிருந்து காரில் நாலு மணி நேரம் தள்ளியிருந்த எங்கள் விஜயநகர் வீட்டின் முன்னறையில் அப்பாவை ஐஸ் பாளங்களுக்கு நடுவே கிடத்தினோம். மீன் மார்க்கெட்டுக்குப் போகும் ஐஸ். அந்த வாடை ஊதுவத்திக்கு அடங்கவில்லை. தண்ணீர் வாசல்வரை ஓடியது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் வீட்டுக்கு மறுபடி போன் செய்தபோது யாரும் எடுக்கவில்லை. விமானம் ஏறிவிட்டான் என்று நம்பினோம்.

சொன்ன காலையில் பெங்களூருக்குப் போன கார் வெறுமனே திரும்பியது. கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த சித்தப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணி, இனித் தாங்காதுங்க."

நான் மீண்டும் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தோடு அண்ணன் எடுத்தான். தன் வீட்டிலேயே.

"லீவ் கிடைக்கலம்மா. உங்ககிட்ட சொல்ல வாய் வரலை."

சித்தப்பா கொள்ளி வைத்தார். நான் அழவில்லை. அவனை என்ன செய்வது என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த வருஷம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்தான். கார் அனுப்பும் பொறுப்பு எனக்கு. நான் அனுப்பவில்லை. காலையில் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து பேசினான்.

"கார் எங்கம்மா?"

"வழியில இருக்கு. அங்கேயே நில்லு, எங்கேயும் போயிடாதே."

பதினோரு மணிக்கு மறுபடி பேசினான். மத்தூர் தாண்டி டயர் பஞ்சராம் என்றேன். அதற்கப்புறம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் பசித்திருக்கும் என்று தோன்றியது. தோன்றட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் டாக்ஸி வந்து நின்றது. அண்ணன் முகமெல்லாம் வியர்வை.

"சும்னே, ஒரு காரணமும் இல்லாம, எங்களை ரோட்டுல நிக்க வெச்சியா?"

"ஆமா. அப்பாவைப் போட்டு வெச்சுக்கிட்டு நாங்க ரெண்டு ராத்திரி காத்திருந்தோம். நீ கிளம்பவே இல்லை."

தூங்கும் சின்னவளைத் தோளில் போட்டிருந்த அண்ணி சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே வர வேண்டாம்னு சொன்னீங்க? அன்னிக்கே எடுத்துட்டதா இவர் சொன்னாரே?"

டாக்ஸிக்காரர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணி அண்ணனையே பார்த்தாள். அவன் செருப்பின் வாரை அவிழ்ப்பதுபோலக் குனிந்தான்.

இவ்வளவு கிடைக்கும் என்று நானே நினைக்கவில்லை. அண்ணி அம்மாவின் அறையில் படுத்துக்கொண்டாள். ஊர் திரும்பும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகளைப் பட்டினி போட்டதற்காக அம்மா என்னைத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி, பல மாதங்களுக்குப் பிறகு, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.