நான்கு கேபிளின் மறுமுனையில்

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய் என்றதும் வாயைப் பிளக்கும் கூட்டத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்தக் கூட்டத்திலேயே என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டதுதான் எரிச்சல்.

போன வருடம், சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள். பட்டப்பகல். தைவானில், ஜியாயி நகரில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். வாசலில் நீள மேசை போட்டு, கோழி, பிஸ்கட், நூடுல்ஸ் பெட்டி என்று அடுக்கி, டைரக்டரிலிருந்து துப்புரவுக்காரர் வரை ஊதுபத்தியும் கையுமாக நின்றார்கள். இந்த மாதம் பாதாளக் கதவு திறந்து வந்திருக்கும் அநாதை ஆவிகளுக்கு விருந்தாம். அதில் பாதிப் பேர் டாக்டர்கள். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

நான் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது. பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், புதுக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் ஒரு சுவிட்ச். நடுவே நான்கு கேபிள். நான்கையும் ஒரே கற்றையாகக் கட்டி ஒரே லிங்க் ஆக்க வேண்டும். மூன்று மணிக்கு இதய நோயாளிகள் பதினொரு பேரைப் புது வார்டுக்கு மாற்றுகிறார்கள். பழைய வார்டில் மூன்றரைக்கு ஆக்சிஜன் குழாயை அடைத்துவிடுவார்கள், தள்ளிப்போட வழியில்லை. அந்தப் பதினொரு பேரின் துடிப்பும் நர்ஸ் மேசைத் திரைக்கு வருவது இந்த லிங்க் வழியாகத்தான். லிங்க் எழாவிட்டால், யாருக்காவது இதயம் நின்றால்கூடத் திரை சொல்லாது.

ஒரு மணிக்கு லுவோவை ஆறாம் மாடிக்கு அனுப்பினேன். என்னோடு எட்டு வருடமாக வேலை பார்ப்பவன். நாற்பது வயதாகியும் பயந்தாங்கொள்ளி.

"அண்ணே, இந்த மாசம் பின்னாடியிருந்து யாராச்சும் கூப்பிட்டா பதில் சொல்லிடாதீங்க."

"உன் பொண்டாட்டி கூப்பிட்டாலுமா?"

"அவ கூப்பிட்டா நான் எந்த மாசமும் பதில் சொல்றதில்லண்ணே."

போய்விட்டான். சுவிட்சின் தலையில் அவன் வைத்த பச்சைப் பொட்டலம் இருந்தது. தேங்காய் வாசனை நொறுக்குத்தீனி. இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று ஊர் முழுக்க இதைத்தான் வைக்கிறார்கள். பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் தொடக் கூடாது. புரட்டிப் பார்த்தேன். தேதி தாண்டி மூன்று மாதம். பசி வேறு. பிரித்துப் பாதியைத் தின்றுவிட்டேன்.

1:20. சுவிட்சில் ஒரு விளக்கும் எரியவில்லை. வாக்கி-டாக்கியை எடுத்தேன்.

"லுவோ, செருகினியா இல்லியா?"

க்கீ... என்று ஒரு கூச்சல் மட்டும். காதைக் கிழித்தது. மலிவுச் சாமானை வாங்கித் தொலைத்த மேலாளரைத் திட்டினேன்.

1:52. திரும்பவும் கூப்பிட்டேன். க்கீ... பிறகு ஒரு குரல். மெதுவாக.

"ஒண்ணு செருகியாச்சு."

முதல் விளக்கு பச்சையானது.

"தொண்டைக்கு என்ன வந்துச்சு? ஊதுபத்திப் புகையா?"

"ரெண்டு."

இரண்டாவது விளக்கு. மூன்று. நான்கு. மணி 2:10. நான்கும் எரிந்தன. லிங்க் எழவில்லை.

கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அமைப்பை அழித்துத் திரும்ப எழுதினேன். ஊஹூம். மேலே கட்டில்கள் உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"எதையாவது தப்பாச் செருகித் தொலைச்சியா, முட்டாள்?"

க்கீ...

"தப்பு உங்க பக்கம், தம்பி."

தம்பியா? லுவோ என்னைவிடச் சின்னவன். என்னை அண்ணே என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

2:38. குரல் சொன்னது.

"ரெண்டு முனையும் காத்துக்கிட்டு இருக்கு. யாராச்சும் ஒருத்தர் முதல்ல கூப்பிடணும்."

பார்த்தேன். உண்மை. போன வாரம் இரண்டு பக்கமும் நானே அமைத்தது. இரண்டையுமே 'காத்திரு' என்று வைத்திருக்கிறேன். நேற்று சேர்ந்த பையன் செய்யும் தப்பு. ஒன்று கூப்பிட்டால்தான் மற்றது பதில் சொல்லும்.

"அந்தப் பக்கம் நீயே மாத்திக் கூப்பிடேன்."

க்கீ...

"நான் கூப்பிட்டா... நீங்க பதில் சொல்ல வேண்டி வரும். நீங்க கூப்பிடுங்க."

என் பக்கத்தை 'அழை' என்று மாற்றினேன்.

2:41. லிங்க் எழுந்தது.

வாக்கியில் இன்னும் ஏதோ கேட்டது.

கரக்... கரக்...

யாரோ நொறுக்குத்தீனி மெல்லும் சத்தம்.

நான் மெல்லவில்லை.

2:55. கதவு திறந்தது. லுவோ. கையில் ஊதுபத்தி.

"மன்னிச்சுக்கண்ணே. டைரக்டர் கும்பிடப் பிடிச்சு வச்சுக்கிட்டாரு. இப்பத்தான் விட்டாரு. மேல போறேன்."

"வாக்கி?"

"அது எங்க என்கிட்ட? சார்ஜ்ல போட்டேனே. உங்க பின்னாடிதான் இருக்கு."

திரும்பினேன்.

என் முதுகுக்கு இரண்டடி பின்னால், அலமாரியில் இருந்தது. அதன் விளக்கு எரிந்துகொண்டு.

இரண்டு வாக்கி ஒரே அறையில் இருந்தால்தான் அப்படிக் கூச்சலிடும். இது எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும்.

பச்சைப் பொட்டலம் காலியாகக் கிடந்தது. நான் பாதிதான் தின்றிருந்தேன்.

3:20. லுவோ ஆறாம் மாடியிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே... இங்க நாலு கேபிளோட முனையும் பிளாஸ்டிக் பையிலயே இருக்கு. பை பிரிக்கல. செருகவா?"

என் மடிக்கணினித் திரையில் பதினொரு துடிப்பும் ஓடிக்கொண்டிருந்தன.

"தொடாதே," என்றேன்.

இன்று வரை யாரும் தொடவில்லை. நோயாளிகள் மாறினாலும் பதினொரு படுக்கையும் காலியாவதில்லை. நிறுத்திச் சோதிக்க எனக்கும் துணிச்சல் இல்லை. மாதம் தவறாமல் பச்சைப் பொட்டலம் வாங்கிவைப்பது இப்போது நான்தான். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள், நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

முப்பது நொடிக்கு ஒருமுறை என் சுவிட்ச் கூப்பிடும். அந்தப் பக்கம் பதில் சொல்லும். ஒரு வருடமாக அப்படித்தான்.

இன்று ஏழாம் மாதம் பதினைந்து. சற்றுமுன் சுவிட்சின் பதிவைத் திறந்தேன்.

மறுமுனை 'காத்திரு' என்றிருந்த இடத்தில் இப்போது 'அழை' என்றிருக்கிறது.

மாறிய நேரம் இன்று 2:41.

யாரும் மாற்றவில்லை.

அது கூப்பிடுகிறது. என் சுவிட்ச் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.